தீவுக்கு டீசல் வரும் வழி: எண்ணெய், எரிவாயு இறக்குமதி விதிகள் ஓர் அறிமுகம்

நாலு பக்கமும் நிலம் உள்ள ஊரில் டீசல் தீர்ந்தால் பக்கத்து ஊரிலிருந்து லாரி வந்துவிடும். தீவில் தீர்ந்தால் அடுத்த கப்பல் வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். மின்நிலையம், மருத்துவமனை ஜெனரேட்டர், மீன்பிடிப் படகு, குடிநீர் பம்பு என்று எல்லாமே அந்த ஒரு கப்பலை நம்பி இருக்கும். தீவுகளின் எண்ணெய் இறக்குமதி விதிகளை முதல்முறை புரட்டும்போது ‘ஏன் இவ்வளவு கெடுபிடி?’ என்றுதான் தோன்றும். ஆனால் வந்த சரக்கு கெட்டுப்போயிருந்தால் கைவசம் மாற்றுச் சரக்கு கிடையாது. இருக்கிற ஒரே துறைமுகத்தில் எண்ணெய் கொட்டிவிட்டால் மாற்றுத் துறைமுகமும் கிடையாது. இதை மனதில் வைத்துக்கொண்டு படித்தால் அந்தக் கெடுபிடியில் பெரும்பகுதிக்குக் காரணம் இருப்பது தெரியும்.

விதிகளை எண் போட்டு வரிசையாகப் படிப்பதைவிட ஒரு கப்பலின் கூடவே போய்ப் பார்ப்பது எளிது. 30,000 டன் டீசல் ஏற்றிய நடுத்தர டேங்கர் ஒன்று ஏதோ ஒரு தீவுக்குப் புறப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். அது நங்கூரம் எடுப்பதற்கு வெகு முன்பே விதிகள் வேலை செய்யத் தொடங்கிவிடும்.

சுங்க எல்லை எங்கே இருக்கிறது?

முதல் கேள்வியே பலரைக் குழப்பும். சுங்க எல்லை என்பது ஒரே சுங்க விதிகள் நடப்பில் உள்ள பகுதி. ஒரு தீவு ஒரு நாட்டுக்குச் சொந்தமாக இருக்கலாம். அதனாலேயே அது அந்த நாட்டின் சுங்க எல்லைக்குள் இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. புவேர்ட்டோ ரீக்கோவும் குவாமும் அமெரிக்காவின் ஆட்சிப் பகுதிகள். புவேர்ட்டோ ரீக்கோ அமெரிக்கச் சுங்க எல்லைக்குள் வருகிறது, குவாம் வெளியே இருக்கிறது. ஸ்பெயினின் கேனரித் தீவுகள் ஐரோப்பிய ஒன்றியத்தின் சுங்க எல்லைக்குள் உள்ளன. ஆனால் அதன் மதிப்புக்கூட்டு வரி எல்லைக்கு வெளியே நிற்கின்றன. தைவான் 2002-ல் உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தது ‘தனிச் சுங்கப் பகுதி’ என்ற பெயரில்தான்.

இது ஏன் முக்கியம்? தாய்நாட்டுத் துறைமுகத்திலிருந்து தீவுக்கு டீசல் போனால் அது உள்நாட்டுப் போக்குவரத்தா, இறக்குமதியா என்பதை இதுதான் முடிவு செய்கிறது. இறக்குமதி என்றால் சுங்கப் பத்திரம் வேண்டும், தீர்வை உண்டு, தாய்நாட்டில் ஏற்கெனவே கட்டிய வரியைத் திரும்பக் கேட்கலாம். உள்நாட்டுப் போக்குவரத்து என்றால் இன்னொரு வகை விதி வந்து நிற்கும். அதற்கு இப்போதே வந்துவிடுகிறேன், ஏனென்றால் தீவு மக்கள் அதிகம் சண்டை போடும் விதி அதுதான்.

உள்நாட்டுக் கடலோரப் போக்குவரத்தை உள்நாட்டுக் கப்பல்களுக்கே ஒதுக்கி வைக்கும் சட்டம் பல நாடுகளில் உண்டு. அமெரிக்காவில் அது 1920-ல் வந்த ஜோன்ஸ் சட்டம். இரண்டு அமெரிக்கத் துறைமுகங்களுக்கு இடையே சரக்கு ஏற்றும் கப்பல் அமெரிக்காவில் கட்டப்பட்டிருக்க வேண்டும், அமெரிக்கர்களுக்குச் சொந்தமாக இருக்க வேண்டும், அமெரிக்கக் கொடி பறக்க வேண்டும், மாலுமிகளில் பெரும்பாலோர் அமெரிக்கராகவோ அங்கே நிரந்தரமாக வசிப்பவராகவோ இருக்க வேண்டும். புவேர்ட்டோ ரீக்கோ இதற்குக் கட்டுப்பட்டது. பக்கத்திலேயே இருக்கும் அமெரிக்க வர்ஜின் தீவுகளுக்கு விலக்கு உண்டு. அமெரிக்காவோ உலகத்துக்கே இயற்கை எரிவாயு ஏற்றுமதி செய்கிறது. ஆனால் இந்த நிபந்தனைகளுக்குப் பொருந்தும் எரிவாயுக் கப்பல் நீண்ட காலம் ஒன்றுகூட இல்லாததால், புவேர்ட்டோ ரீக்கோ டிரினிடாட் போன்ற வெளிநாடுகளிலிருந்து எரிவாயு வாங்கிக்கொண்டிருந்தது. 2017 செப்டம்பர் 20-ல் மரியா புயல் தீவைப் புரட்டிப் போட்ட பிறகு, 28-ம் தேதி இந்தச் சட்டத்துக்கு 10 நாள் விலக்கு கொடுத்தார்கள். புயல் அடித்து எட்டு நாள் கழித்து! எரிபொருளுக்காக ஜெனரேட்டர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு எட்டு நாள் என்பது சின்ன விஷயம் இல்லை. பேரிடர் நேரத்தில் தானாகவே விலக்கு அமலாகும் ஏற்பாடு சட்டத்துக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

யார் கொண்டுவரலாம்?

துணி இறக்குமதி செய்யப் பெரும்பாலும் ஒரு வணிகப் பதிவு போதும். எண்ணெய்க்கு அது போதாது. ஏறக்குறைய எல்லாத் தீவுகளிலும் தனி உரிமம் தேவை. சில இடங்களில் அரசு நிறுவனம் மட்டுமே கொண்டுவரும். மொரீஷியஸில் உள்நாட்டுத் தேவைக்கான பெட்ரோலையும் டீசலையும் இறக்குமதி செய்வது அரசின் ஸ்டேட் டிரேடிங் கார்ப்பரேஷன். இலங்கையில் பெரும்பங்கு சிலோன் பெட்ரோலியக் கூட்டுத்தாபனத்தின் கையில் இருந்தது. இந்தியன் ஆயில் நிறுவனத்தின் கிளையான லங்கா ஐ.ஓ.சி. 2003-ல் உள்ளே வந்தது. 2022-ல் சட்டத்தைத் திருத்தி மற்ற நிறுவனங்களுக்கும் வழிவிட்டார்கள்.

உரிமம் கேட்டுப் போகிறவரிடம் என்ன கேட்பார்கள்? டேங்க் இருக்கிறதா, அதன் கொள்ளளவு அங்கீகரிக்கப்பட்ட ஆளால் அளந்து சான்று பெறப்பட்டதா, டேங்கைச் சுற்றி எண்ணெய் கசிந்தால் தாங்கி நிற்கும் கரை கட்டியிருக்கிறதா, தீயணைப்பு நுரை எவ்வளவு வைத்திருக்கிறீர்கள், காப்பீடு எங்கே, ஒரு கப்பல் சரக்குக்குப் பணம் கட்டும் வசதி உண்டா. கடைசிக் கேள்விதான் புதிதாக வருகிறவர்களைத் தடுத்து நிறுத்தும். ஒரு நடுத்தரக் கப்பல் நிறைய டீசல் என்பது கோடிக்கணக்கான டாலர் சமாச்சாரம்.

அப்புறம், பொருளுக்கு ஒரு பெயர் வேண்டும். ‘எண்ணெய்’ என்று எழுதினால் சுங்க அதிகாரி ஏற்க மாட்டார். உலக நாடுகள் பொதுவாகப் பயன்படுத்தும் எச்.எஸ். எண் வரிசையில் எரிபொருட்கள் 27-ம் அத்தியாயத்தில் வருகின்றன. 2709 என்றால் கச்சா எண்ணெய். 2710 என்றால் பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய், விமான எரிபொருள், உலை எண்ணெய் போன்ற சுத்திகரித்த சரக்கு. 2711 என்றால் எரிவாயு. அதற்குள்ளேயே திரவ இயற்கை எரிவாயுவுக்கு 271111, புரோப்பேனுக்கு 271112, பியூட்டேனுக்கு 271113 என்று கிளை எண்கள் பிரியும். முதல் 6 இலக்கம் எல்லா நாட்டுக்கும் ஒன்றே. அதன் பின்னால் வரும் இலக்கங்களை ஒவ்வொரு சுங்கப் பகுதியும் தன் வசதிக்குச் சேர்த்துக்கொள்ளும். வரி விகிதம் அந்த வால் எண்ணில்தான் ஒளிந்திருக்கும். அதனால் பழைய பத்திரத்தைப் பார்த்து எண்ணைக் காப்பியடிக்க வேண்டாம், அந்தந்த வருடத்துக் கட்டண அட்டவணையைப் பார்த்து எழுதுங்கள்.

சரக்கு கடலில், பணம் வங்கியில்

கப்பல் கிளம்பிவிட்டது. இப்போது அந்த 30,000 டன் டீசல் யாருடையது?

இது ஒப்பந்தத்தில் உள்ள மூன்றெழுத்தைப் பொறுத்தது. எஃப்.ஓ.பி. என்றால் ஏற்றும் துறைமுகத்தில் கப்பலுக்குள் போனதுமே பொறுப்பு வாங்குபவருக்கு வந்துவிடும், கப்பல் ஏற்பாடும் அவருடையது. சி.ஐ.எஃப். என்றால் கப்பல் கூலியையும் காப்பீட்டையும் விற்பவர் கட்டுகிறார். புதியவர்கள் இங்கேதான் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். கூலியும் காப்பீடும் அவர் கட்டுவதால் வழியில் ஏதாவது ஆனால் அவர் பொறுப்பு என்று நினைத்துவிடுவார்கள். அப்படி இல்லை. சி.ஐ.எஃப்.பிலும் ஏற்றிய துறைமுகத்திலேயே ஆபத்து வாங்குபவர் தலைக்கு மாறிவிடும். வழியில் சரக்கு நாசமானால் காப்பீட்டு நிறுவனத்திடம் போய் நிற்க வேண்டியவர் வாங்கியவர்தான்.

சரக்கை ஏற்றியதும் கப்பல் தரப்பு ஒரு சரக்குச் சீட்டு தரும். அதை பில் ஆஃப் லேடிங் என்பார்கள், பேச்சில் சுருக்கி பி.எல். அது வெறும் ரசீது இல்லை. அசல் சீட்டு யார் கையில் இருக்கிறதோ அவருக்கே சரக்கைக் கேட்கும் உரிமை. அந்தச் சீட்டு விற்பவரிடமிருந்து வங்கி வழியாக வாங்குபவருக்கு வரும். இடையில் நின்று ‘ஆவணங்கள் சரியாக இருந்தால் நான் பணம் தருகிறேன்’ என்று வாங்குபவரின் வங்கி எழுதிக் கொடுக்கும் உறுதிதான் எல்.சி., அதாவது லெட்டர் ஆஃப் கிரெடிட்.

எல்.சி. நின்றுபோனால் என்ன ஆகும் என்பதை 2022-ல் இலங்கை மக்கள் பட்டுத் தெரிந்துகொண்டார்கள். அந்நியச் செலாவணி தீர்ந்தது. எண்ணெய்க் கப்பல்கள் கொழும்புக்கு வெளியே கடலில் வந்து நின்றன. டீசலும் பெட்ரோலும் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இருந்தும், பணம் கட்டாமல் ஒரு லிட்டர்கூட இறக்க முடியவில்லை. நிற்கிற ஒவ்வொரு நாளுக்கும் கப்பலுக்குத் தாமதக் கட்டணம் வேறு ஏறிக்கொண்டிருந்தது. அதற்குப் பெயர் டெமரேஜ். கரையில் மக்கள் நாள்கணக்கில் வரிசையில் நின்றார்கள், வரிசையிலேயே உயிர்விட்டவர்களும் உண்டு. ஜூன் கடைசியிலிருந்து ஜூலை 10 வரை அத்தியாவசியச் சேவைகளுக்கு மட்டும்தான் எரிபொருள் என்று அறிவித்தார்கள். பிறகு கியூ.ஆர். குறியீடு வைத்து வாகனத்துக்கு இவ்வளவு என்று பங்கிட்டார்கள். இறக்குமதி விதிகளைப் பற்றி எழுதும் பலர் வங்கி விதியை விட்டுவிடுகிறார்கள். தீவைப் பொறுத்தவரை அதுதான் முதல் விதி.

சில சமயம் கப்பல் சீக்கிரம் வந்துவிடும், அசல் சீட்டு வங்கிகளுக்கு நடுவே சுற்றிக்கொண்டிருக்கும். அப்போது, ‘சீட்டு இல்லாமல் இறக்குவதால் பின்னால் வழக்கு வந்தால் நான் ஏற்கிறேன்’ என்று வாங்குபவர் கப்பல்காரருக்கு எழுதிக் கொடுப்பார். எண்ணெய் வியாபாரத்தில் இது தினசரி நடப்பதுதான். அதற்காக அலட்சியமாகக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள், அது உச்சவரம்பு இல்லாத பொறுப்பு.

டேங்கின் மேல் நின்று அளப்பது

கப்பல் துறைமுகத்துக்கு வந்துவிட்டது. உடனே குழாயை மாட்டிவிட மாட்டார்கள். முதலில் மேலே ஏறுபவர் சர்வேயர். வாங்குபவர், விற்பவர் இருவரும் ஏற்றுக்கொண்ட மூன்றாம் ஆள். அவர் கையெழுத்துப் போடும் எண்ணை வைத்துத்தான் சுங்கம் வரி போடும், வியாபாரி பணம் கொடுப்பார்.

அவர் செய்வதைக் கிட்ட நின்று பார்ப்போம். கப்பல் டேங்கின் மேலுள்ள சிறு வாயைத் திறந்து, நுனியில் உணரி பொருத்திய அளவு நாடாவை உள்ளே இறக்குகிறார். எண்ணெய் மட்டத்தைத் தொட்டதும் அது கீச்சென்று ஒலிக்கும். மேல் விளிம்பிலிருந்து எண்ணெய் மட்டம்வரை எவ்வளவு காலியாக இருக்கிறது என்பதைக் குறித்துக்கொள்கிறார். பிறகு மேல், நடு, அடி என்று மூன்று ஆழத்தில் வெப்பநிலை பார்க்கிறார். கரை டேங்கில் இதற்குத் தலைகீழாக, அடியில் தட்டும்வரை நாடாவை இறக்கி எண்ணெயின் உயரத்தை அளப்பதும் உண்டு. அப்போது நாடாவின் நுனியில் ஒரு பசையைத் தடவி இறக்குவார்கள். எண்ணெய் பட்டால் அந்தப் பசைக்கு ஒன்றும் ஆகாது, தண்ணீர் பட்ட உயரம்வரை நிறம் மாறிவிடும். வெளியே எடுத்துப் பார்த்தால் டேங்கின் அடியில் எத்தனை மில்லிமீட்டர் தண்ணீர் கிடக்கிறது என்று தெரிந்துவிடும். அந்தத் தண்ணீரைக் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் சரக்கு.

வெப்பநிலை எதற்கு? எண்ணெய் சூட்டில் விரியும். டீசல் ஒரு டிகிரிக்குச் சுமார் 0.083 சதவீதம் விரிகிறது. கேட்க அற்பமாக இருக்கும். 30 டிகிரி வெயிலில் டேங்கில் 10,000 கிலோலிட்டர் டீசல் காட்டுகிறது என்று வையுங்கள். அதையே 15 டிகிரிக்குக் கொண்டுவந்தால் ஏறக்குறைய 9,875 கிலோலிட்டர்தான். சூரியனால் மட்டும் 1,25,000 லிட்டர் ‘கூடியிருக்கிறது’. குளிர் நாட்டில் ஏற்றி வெப்பத் தீவில் இறக்கும்போது இந்தக் கணக்கைச் செய்யாவிட்டால் யாராவது ஒருவர் ஏமாந்துபோவார். அதனால்தான் விதிகள் எல்லா அளவையும் ஒரே வெப்பநிலைக்கு மாற்றச் சொல்கின்றன. பல நாடுகளில் அது 15 டிகிரி செல்சியஸ், அமெரிக்க முறையில் 60 டிகிரி பாரன்ஹீட், சில இடங்களில் 20 டிகிரி செல்சியஸ். ஒப்பந்தத்தில் எந்த டிகிரி என்று எழுதியிருக்கிறது என்பதைப் பார்க்காமல் கிலோலிட்டர் விலையைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை. எடையில், அதாவது டன்னில் பேசினால் இந்தத் தொல்லை குறைவு.

எவ்வளவு கவனமாக அளந்தாலும் சீட்டில் இருப்பதும் கரையில் சேர்ந்ததும் அப்படியே பொருந்தாது. கொஞ்சம் ஆவியாகும், கொஞ்சம் கப்பல் டேங்கின் சுவரில் ஒட்டும். 0.5 சதவீதம்வரை குறைந்தால் வழக்கமாகப் பெரிதுபடுத்த மாட்டார்கள். அதற்கு மேல் போனால் உரிமைக்கோரிக்கைக் கடிதம் பறக்கும். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. துறைமுக மேடையிலிருந்து டேங்க்வரை போகும் குழாய் சில கிலோமீட்டர் நீளம் இருக்கலாம். இறக்கத் தொடங்கும்போது அது காலியாக இருந்து, முடிக்கும்போது நிரம்பியிருந்தால், ‘காணாமல் போன’ டீசல் முழுக்க அந்தக் குழாய்க்குள்தான் படுத்திருக்கும். தொடங்குவதற்கு முன்பும் முடித்த பின்பும் குழாயின் நிலையை எழுதி வைக்கச் சொல்லும் விதி இதற்காகத்தான்.

தரம் பார்ப்பதும் அப்போதே. ஒவ்வொரு டேங்கிலிருந்தும் சாம்பிள் எடுத்து, பல பாட்டில்களாகப் பிரித்து, எண்ணிட்ட முத்திரை வைப்பார்கள். ஒன்று பரிசோதனைக்கூடத்துக்கு, ஒன்று கப்பலுக்கு, ஒன்று பின்னால் தகராறு வந்தால் திறக்க. கண்ணாடி ஜாடியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கும் சோதனை இன்றும் இருக்கிறது. டீசல் தெளிவாகப் பளிச்சென்று இருக்க வேண்டும், மங்கலாக இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது என்று சந்தேகம். பிறகு கந்தகம். பல நாடுகள் டீசலில் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் கந்தகம் கூடாது என்கின்றன. அப்புறம் தீப்பற்றும் வெப்பநிலை. எந்தச் சூட்டில் டீசலின் ஆவி ஒரு சிறு சுடரைப் பிடிக்கிறது என்று பார்ப்பார்கள். அது வழக்கத்தைவிடக் குறைவாக வந்தால், முந்தைய பயணத்தில் அதே கப்பல் டேங்கில் பெட்ரோல் இருந்து சரியாகக் கழுவாமல் விட்டிருக்கலாம். கப்பலின் கடைசி மூன்று சரக்கு என்னென்ன என்று இறக்குமதி விதிகளும் ஒப்பந்தங்களும் கேட்பது இதற்காகத்தான். பரிசோதனை முடிவு வரும்வரை பொறுமையாக இருங்கள். தீவில் இருப்பது இரண்டே டீசல் டேங்க் என்றால், கெட்ட சரக்கைப் பழையதோடு கலந்துவிட்ட பிறகு திரும்பிப் போக வழியே இல்லை.

இறக்கும்போது முதல் சில நிமிடம் வேண்டுமென்றே மெதுவாகப் பாய்ச்சுவார்கள். குழாயில் வினாடிக்கு 1 மீட்டருக்கு மேல் போகாது. எண்ணெய் வேகமாக ஓடினால் அதில் நிலைமின்னேற்றம் சேரும், காலி டேங்கில் ஆவி நிறைந்திருக்கும், ஒரு பொறி போதும். உள்வாய் எண்ணெயில் மூழ்கிய பிறகே வேகத்தைக் கூட்டுவார்கள். கப்பல் டேங்கின் காலியிடத்தில் தீப்பிடிக்காத வாயுவை நிரப்பி, ஆக்சிஜன் 8 சதவீதத்துக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வார்கள். கப்பல் ஆளும் கரை ஆளும் ஒரே பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும். அவசரத்தில் பம்பை யார் நிறுத்துவது, எந்த வார்த்தை சொன்னால் நிறுத்துவது என்பதுவரை அதில் இருக்கும்.

எரிவாயு வந்தால் கதை வேறு

எல்.பி.ஜி.யையும் எல்.என்.ஜி.யையும் ஒன்றாக நினைப்பவர்கள் நிறையப் பேர். இரண்டும் இரண்டு விதமாக நடந்துகொள்பவை, விதிகளும் அதனால் வேறுபடுகின்றன. எல்.பி.ஜி. என்பது புரோப்பேனும் பியூட்டேனும். அழுத்தினால் சாதாரண வெப்பத்திலேயே திரவமாகிவிடும். அதனால் சின்னத் தீவுக்குக்கூட அழுத்த டேங்க் கொண்ட சிறு கப்பலிலோ டேங்க் கன்டெய்னரிலோ கொண்டுவரலாம். ஆனால் கசிந்தால் காற்றைவிடக் கனமாக இருப்பதால் தரையோடு ஊர்ந்து சாக்கடையிலும் பள்ளத்திலும் தேங்கும். சேமிப்புக் கிடங்குக்கும் வீடுகளுக்கும் இடையே குறைந்தபட்ச தூரம் கேட்கும் விதியும், கிடங்குக்குள் பள்ளம் கூடாது என்ற விதியும் இங்கிருந்து வந்தவை. இதற்கு இயல்பில் வாசனையும் இல்லை. நாம் முகரும் நாற்றம் சேர்க்கப்பட்டது. 1937-ல் அமெரிக்காவில் டெக்சாஸின் நியூ லண்டன் பள்ளியில் மணமில்லாத இயற்கை எரிவாயு கசிந்து வெடித்து 300 பேரளவில் இறந்தார்கள், பெரும்பாலும் குழந்தைகள். அதன் பிறகுதான் வாயுவுக்கு நாற்றம் சேர்ப்பது சட்டமாகப் பரவியது. அந்தச் சிறிய நாற்றத்துக்காக எத்தனை குழந்தைகள் போக வேண்டியிருந்தது என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கும்.

எல்.என்.ஜி., அதாவது திரவ இயற்கை எரிவாயு, பெரும்பாலும் மீத்தேன். இதைத் திரவமாக்க மைனஸ் 162 டிகிரிக்குக் குளிர வைக்க வேண்டும். அப்போது இடம் ஏறக்குறைய 600-ல் ஒரு பங்காகச் சுருங்கும். இதற்குச் சாதாரண டேங்க் போதாது, தனி முனையம் வேண்டும், திரும்ப வாயுவாக்கும் ஆலை வேண்டும். எவ்வளவு நன்றாக மூடி வைத்தாலும் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிக்கொண்டே இருக்கும். ஆகவே டீசலைப்போல மாதக்கணக்கில் சும்மா வைத்திருப்பது எளிதல்ல.

கொட்டினால் யார் தருவது?

1967 மார்ச் 18-ல் டோரி கேன்யன் என்ற டேங்கர் இங்கிலாந்தின் தென்மேற்கு முனையருகே பாறையில் மோதியது. ஒரு லட்சம் டன்னுக்கு மேல் கச்சா எண்ணெய் கடலில் கலந்தது. அப்போதுதான் உலகம் ஒரு கேள்வியைக் கேட்டது: கரையில் வலை போட்டுப் பிழைப்பவருக்கு நஷ்டஈடு யார் கொடுப்பது? அதற்குப் பதிலாக 1969-ல் ஓர் உடன்படிக்கையும், 1971-ல் இழப்பீட்டு நிதியும் வந்தன. இப்போது நடப்பில் இருப்பது 1992-ல் திருத்திய வடிவம்.

அதன்படி, கச்சா எண்ணெய், கனரக எண்ணெய் போன்ற எளிதில் ஆவியாகாத எண்ணெய் கொட்டினால் தவறு யாருடையது என்று நிரூபிக்கக் காத்திருக்க வேண்டியதில்லை, சில விலக்குகள் தவிரக் கப்பல் உரிமையாளரே பொறுப்பு. 2,000 டன்னுக்கு மேல் அத்தகைய எண்ணெயைச் சரக்காக ஏற்றும் கப்பல் அதற்கான காப்பீட்டுச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். உறுப்பு நாட்டுத் துறைமுகம் அது இல்லாத கப்பலை உள்ளே விடாது. உரிமையாளரின் பொறுப்புக்கு ஓர் உச்சவரம்பு உண்டு, அதற்கு மேல் நிதி கொடுக்கும். அந்த நிதிக்குப் பணம் தருவது யார் என்பதுதான் எனக்கு மிகப் பிடித்த பகுதி. உறுப்பு நாடுகளில் கடல் வழியாக ஆண்டுக்கு 1,50,000 டன்னுக்கு மேல் கச்சா எண்ணெயோ கனரக எண்ணெயோ பெறுகிறவர்கள் பங்கு கொடுக்கிறார்கள். சின்னத் தீவு அந்த அளவு வாங்குவதே இல்லை. ஆகவே உறுப்பினராகச் சேர்ந்தால் பங்கு கட்டாமலேயே பாதுகாப்பு கிடைக்கிறது. உங்கள் தீவு இதில் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள், தீவு வேறொரு நாட்டின் ஆட்சியில் இருந்தால் அந்த நாடு தன் கையெழுத்தைத் தீவுக்கும் நீட்டித்திருக்கிறதா என்றும் பாருங்கள். தாய்நாடு கையெழுத்திட்டது எல்லாத் தீவுக்கும் தானாகப் பொருந்திவிடும் என்று சொல்ல முடியாது.

சரக்கு எண்ணெய் வேறு, கப்பல் தன் எஞ்சினுக்கு வைத்திருக்கும் எண்ணெய் வேறு என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2020 ஜூலை 25-ல் மொரீஷியஸ் கரையில் தரைதட்டிய வகாஷியோ ஒரு டேங்கர் இல்லை, உலர் சரக்குக் கப்பல். அதிலிருந்து சுமார் 1,000 டன் எரிபொருள் கசிந்தது. மக்கள் கரும்புச் சோகையைத் துணியில் அடைத்துத் தாங்களே மிதவைத் தடுப்புகள் செய்து கடலில் இறங்கினார்கள். டேங்கருக்கான உடன்படிக்கை இதற்குப் பொருந்தவில்லை. கப்பல் எரிபொருளுக்கென்று 2001-ல் ஏற்பட்ட தனி உடன்படிக்கைதான் பொருந்தியது.

டேங்குக்குள் போன பிறகு

இறக்கிய உடனே முழு வரியையும் கட்ட வேண்டும் என்றில்லை. சுங்கக் கட்டுப்பாட்டில் உள்ள டேங்கில் வைத்து, லாரியில் வெளியே எடுக்கும்போது எடுத்த அளவுக்குக் கட்டலாம். அதே டேங்கிலிருந்து வெளிநாட்டுக் கப்பலுக்கோ விமானத்துக்கோ கொடுத்தால் பெரும்பாலும் வரி வராது. விவசாயத்துக்கோ மீன்பிடிக்கோ மலிவாகத் தரும் டீசலில் பல நாடுகள் சாயம் கலக்கின்றன. சாலை வண்டியின் டேங்கில் அந்த நிறம் தெரிந்தால் அபராதம்.

இருப்பு வைக்கும் கடமையும் உரிமத்தோடு சேர்ந்து வரும். சர்வதேச எரிசக்தி முகமையின் உறுப்பு நாடுகள் 90 நாள் நிகர இறக்குமதிக்கு ஈடான எண்ணெயை வைத்திருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 90 நாள் நிகர இறக்குமதி அல்லது 61 நாள் நுகர்வு, எது அதிகமோ அது, மால்டாவுக்கும் சைப்ரஸுக்கும் அதே அளவுகோல்தான். தைவான் தன் எண்ணெய் நிறுவனங்களிடம் 60 நாள் விற்பனை அளவைக் கேட்கிறது. இந்த இருப்பில் ஒரு பகுதியை வேறு நாட்டில் வைத்துக்கொள்ளச் சில விதிகள் இடம் கொடுக்கின்றன. காகிதத்தில் அது கணக்காகும். ஆனால் கடல் வழி அடைபடும் நாளில் அந்த எண்ணெய் தீவுக்கு வர முடியாது. ஆகவே தீவின் இருப்பு தீவில்தான் இருக்க வேண்டும், டேங்க் கட்டும் செலவைச் சாக்காகச் சொல்லக் கூடாது.

பெரிய கப்பல் எல்லாம் வேண்டாம், பத்துப் பதினைந்து பீப்பாய் டீசலோ சில சிலிண்டரோ கொண்டுவர வேண்டும் என்பவருக்கும் விதி உண்டு. அவை ஆபத்தான சரக்கு என்ற வகையில் வரும். பெட்ரோலுக்கு ஐ.நா. எண் 1203, டீசலுக்கு 1202, எல்.பி.ஜி.க்கு 1075. பீப்பாயின் மீது அந்த எண்ணும் தீப்பற்றும் சின்னமும் ஒட்டி, கப்பல் நிறுவனத்துக்கு முன்கூட்டியே எழுத்தில் அறிவித்து, பாதுகாப்புத் தரவுத் தாளை இணைக்க வேண்டும். ‘வீட்டுச் சாமான்’ என்று எழுதிக் கன்டெய்னருக்குள் செருகி அனுப்புவது குற்றம், நடுக்கடலில் இருக்கும் மாலுமிகளின் உயிரோடு விளையாடுவது. முகாமடுப்புக்கான சிறு வாயு டப்பாவைக்கூட விமானத்தில் பெட்டியில் வைத்து எடுத்துப் போக முடியாது.

சரி, நம் கப்பலுக்குத் திரும்புவோம். கடைசி டேங்கும் காலியானதும் சர்வேயர் மறுபடி மேலே ஏறுகிறார். ஒவ்வொரு டேங்காக நாடாவை இறக்கி, பம்பால் உறிஞ்சக்கூடிய எண்ணெய் எதுவும் மிச்சமில்லை என்று பார்த்துச் சான்று எழுதுகிறார். ஹோஸில் தங்கியதை வடியவிட்டு, கழற்றி, இரண்டு முனையையும் இரும்புத் தட்டால் மூடி போல்ட் போடுகிறார்கள். கப்பலின் முதன்மை அதிகாரியும் கரைப் பொறுப்பாளரும் குழாய் மாட்டிய நேரம், பம்பு ஓடிய நேரம், நின்ற நேரம் எல்லாம் எழுதிய தாளில் கையெழுத்துப் போடுகிறார்கள். டெமரேஜ் கணக்கு அந்தத் தாளை வைத்துத்தான். கயிற்றை அவிழ்க்கும்போது கரை அலுவலகத்தில் அடுத்த கப்பலின் தேதி ஏற்கெனவே பலகையில் எழுதப்பட்டிருக்கும்.